ஜவ்வாது மலையும் ‘டவுனு வர்றேன்’ என்ற சொல்லும்

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலைக்குச் சென்றேன். அருவி பார்ப்பதற்காக அல்ல. வேலூரில் சில கல்லூரி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தொடங்கிய தன்னார்வ இளைஞர் வழிகாட்டி இயக்கம் ஒன்றின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. மலையடிவாரத்து அமிர்திப் பக்கத்தில் சில ஆண்டுகள் நானும் அதில் பணியாற்றியவன். மலைமேல் அது என்னவாயிற்று என்பதை நேரில் கேட்காமல் எழுதுவது முறையாகாது. மீண்டும் தொடங்க இயலுமா என்று பார்த்துவரும்படியும் கூறியிருந்தார்கள்.

போளூரிலிருந்து காலை 7.20 மணிப் பேருந்து. மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், வளைவுகள் மிகுதி. தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம்.

இயக்கத்தின் விதிகள் எளியவை. ஒரு தன்னார்வலருக்கு ஒரே ஓர் இளைஞர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அந்த இளைஞர் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை, அதே நபர் வர வேண்டும். பரிசுப் பொருள் கூடாது. பாடம் நடத்துவதும் நோக்கமன்று. உடன் அமர்ந்து பேச வேண்டும், அவ்வளவே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது. பிறகு இடமாற்றங்கள், திருமணங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்து நிறுத்தம். நின்ற பணி மீளவில்லை. நிறுத்துகிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்லவுமில்லை.

ஜமுனாமரத்தூரில் ஏழுமலை என்பவரின் ஆட்டோவை அமர்த்தினேன். இயக்கம் பணியாற்றிய சிற்றூருக்கு ஆறு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். புறப்படும்போது புளி மூட்டையுடன் ஒரு பெண் வழிமறித்தார்.

“சார வுட்டுட்டு அரை மணியில வர்றேன்க்கா” என்றார் ஏழுமலை.

“இன்னா ஏழுமல, டவுனு வர்றேனா, வூட்டு வர்றேனா?”

“வூட்டு வர்றேன்தான்க்கா. நம்பு.”

வழியில் பொருள் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அதுவா சார். முன்ன ஞாயித்துக்கெழமைல டவுன்லேர்ந்து சாருங்க, மேடமுங்க வருவாங்க. புள்ளைங்களாண்ட பேசிட்டு, போய்ட்டு வர்றோம்னு கெளம்புவாங்க. அப்பறம் வர்ல. அதான், வராதவன் சொல்றது டவுனு வர்றேன், வர்றவன் சொல்றது வூட்டு வர்றேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

முனியம்மாள் அந்த ஊரில் இயக்கம் தேர்ந்தெடுத்த முதல் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இப்போது அங்கன்வாடியில் உதவியாளர். தம்மிடம் வந்த வங்கி ஊழியரைப் பற்றிக் கேட்டேன்.

“அந்தக்கா ஒன்னும் சொல்லித் தரல சார். ஒக்காந்து கேக்கும். நான் சொன்னத அடுத்த வாட்டி ஞாபகமா விசாரிக்கும். அதுக்காகவே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.”

அந்த ஊழியரின் பணி ஒழுங்காக நிறைவுற்றதாம். அவருக்குப் பின் வந்தவர்கள்தாம் பாதியில் நின்றவர்கள்.

பிறகு முனியம்மாள் கேள்வி கேட்டார். “எம்பொண்ணு காவேரி பதினொன்னாவது பாதியில நின்னுட்டா. புதங்கெழமை என் நாத்தனாரோட திருப்பூரு மில்லுக்குக் கெளம்புறா. நான் சொன்னா காதுல வாங்கல. அவளுக்குன்னு ஒருத்தர் வந்தா, நான் நிறுத்தி வெச்சிடுவேன். நீங்க வருவீங்களா சார்?”

இயக்கத்தில் எஞ்சியிருப்பவர்கள் என்னையும் சேர்த்து மூவர். இருவர் எழுபதைக் கடந்தவர்கள். எனக்கு ஜூன் மாதம் மதுரைக்கு இடமாற்றம், உத்தரவு வந்துவிட்டது. இவற்றைச் சொன்னேன். அரசு மாணவியர் விடுதியைப் பற்றியும் பள்ளித் தலைமையாசிரியரைப் பற்றியும் சொன்னேன்.

“அதெல்லாம் எனக்கே தெரியும் சார். நான் கேட்டது அது இல்ல.”

ஒருமுறை வரலாம், இருமுறை வரலாம். படிப்பு முடியும்வரை வர என்னால் இயலாது என்றேன்.

வாசலில் தலை வாரிக்கொண்டிருந்த காவேரி திரும்பாமலே சொன்னாள்: “கேட்டுக்கினியாம்மா? சாருக்கு மதுர, எனக்குத் திருப்பூரு. ரெண்டு பேருக்கும் வேல.”

“வாய மூடுடி” என்ற முனியம்மாள், என் பக்கம் திரும்பி, “சாப்புட்டுதான் போவணும் நீங்க” என்றார். சாமைச் சோறும் கீரைக் குழம்பும். மூவரும் சேர்ந்து உண்டோம். காவேரி எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள்.

இறங்குவதற்கு மாலை 4.30 மணிப் பேருந்தை நம்பலாம். அதற்குப் பிந்தியவை உறுதியில்லை. பல இடங்களில் கைபேசி இணைப்பு கிடைக்காது; பணத்தை ரொக்கமாக வைத்திருங்கள். இதுபோன்ற பணிக்காக மலையேற நினைப்பவர்கள், ஊரைத் தேர்ந்தெடுக்குமுன் தங்கள் வேலை எத்தனை ஆண்டுகள் ஓரிடத்தில் இருக்க விடும் என்று பாருங்கள். இடையில் நிறுத்த நேர்ந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். நான் அதைச் செய்தேன். சொன்னதில் பொய் இல்லை. அதனால் அந்த வீட்டில் எதுவும் தேறிவிடவில்லை என்பதையும் பதிவு செய்வதே நேர்மை.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தபோது முனியம்மாள் அழைத்தார். “பஸ்ஸு ஏத்திட்டேன் சார். ஜன்னலோரம் சீட்டு கெடச்சிது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெரியவர்கள் இருவரிடமும் மீண்டும் தொடங்க வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். வரலாற்றின் கடைசி அத்தியாயத்தில், இயக்கம் முடிவுற்ற நாளாக அந்தப் புதன்கிழமையைக் குறித்திருக்கிறேன்.