சின்னுசாமி போட்ட நாலு ஓட்டை

புதுச்சத்திரம் சின்னுசாமி முப்பது வருஷத்தில் எத்தனை ஆழ்துளைக் கிணறு போட்டிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ராய்ப்பூர், ஜோத்பூர், சித்ரதுர்கா என்று ரிக் வண்டி போன இடமெல்லாம் போய், ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று பாறையைக் குடைந்துவிட்டு வந்தவர். ஆனால் சொந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. அடிக்க நேரம் இருந்ததில்லை என்பது அவர் கட்சி. அடிக்க ஆளே வீட்டில் இருந்ததில்லை என்பது அவர் மனைவி வசந்தாமணியின் கட்சி. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ரிக் வேலைக்காரர்களுக்கு மழைக்காலத்தில்தான் வீடு. வடக்கே மழை பிடித்துக் காடெல்லாம் சேறானால் வண்டி ஊருக்குத் திரும்பும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைத்த கையோடு மறுபடி கிளம்பிவிடும். இந்த வருஷம் மகள் யுவஸ்ரீயைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் வசந்தாமணி தனி ஆளானாள். "இனி நான் ரிக்குக்குப் போகல புள்ள" என்று சின்னுசாமி அறிவித்தார். அறிவிக்கும்போது பெரிய தியாகம் செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவளோ "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதாகி நாலு மாதம். முதல் வாரத்தில் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் ஒருத்திக்கு மட்டும் சோறு வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். சின்னுசாமி உதவி செய்யத்தான் பார்த்தார். ஒழுகும் குழாயை மாற்றுகிறேன் என்று மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடாமலே கழற்றினார். சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். முப்பது வருஷம் தண்ணீர் தேடி அலைந்த மனுஷனுக்கு அன்றைக்குப் போல் தண்ணீர் கிடைத்ததே இல்லை. அதிலிருந்து அவர் எதைத் தொட்டாலும், "நீங்க கம்முனு உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

கட்டிலுக்கு அடியில் அவருடைய ரிக் பை, துணிகள் மடித்து வைத்தபடியே கிடந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. அவளும் அதைச் சுற்றித்தான் தினம் கூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ரிக் மேனேஜர் சுவாமிநாதன் போன் செய்தார்.

"அண்ணா, புது டிரில்லரு குழிக்குள்ள ராடை உட்டுப்போட்டு முழிக்கறானுங்க. வெள்ளிக்கெழம வண்டி ராய்ப்பூருக்குக் கெளம்புது. ஒரே ஒரு சீசன் வந்து குடுங்கண்ணா."

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றனே தம்பி" என்றார் சின்னுசாமி. வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

மறுநாள் காலை காபி குடித்த டம்ளரைக் கழுவப் போனவர் சமையல் மேடையில் ஒரு காலி எண்ணெய் டின் நிற்பதைப் பார்த்தார். வேண்டாத சாமான் என்று நினைத்து அதை இழுத்தார். மேலே சுவரலமாரி நறநறவென்றது.

"ஐயோ, டின்னை எடுக்காதீங்க! அதுதான் தூணு!" என்று ஓடி வந்து வசந்தாமணி இரண்டு கையாலும் அலமாரியைத் தாங்கிப் பிடித்தாள்.

அண்ணாந்து பார்த்தார். அலமாரியின் இடது பக்கம் சுவரை விட்டு ஒரு விரல் நகர்ந்து நின்றது. உள்ளே ராகி மாவு, புளி, ஊறுகாய் ஜாடி, மிக்ஸி ஜார் என்று ஒரு குடும்பமே குடியிருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"ஆறு மாசம் இருக்குமுங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"மொதல்ல நீங்க ஊர்ல இல்லீங்க. பொறவு வந்துட்டீங்க. சொன்னா சரி பண்றேன்னு கெளம்பிருவீங்களேன்னுதான் சொல்லல. ஆசாரி காளிதாஸ் வியாழக்கெழம வாரேன்னு சொல்லியிருக்கான்."

சின்னுசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காளிதாஸ் வேண்டாம். ஓட்ட போடறதுக்கு எனக்கே இன்னொருத்தனா?" என்றார். மனதுக்குள் இன்னொன்றையும் முடிவு செய்துகொண்டார். இதையும் கெடுத்தால் வெள்ளிக்கிழமை வண்டி ஏறிவிட வேண்டியது. வீட்டுக்கு உதவாத ஆள் வீட்டில் இருந்து என்ன பண்ண?

மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் டிரில்லிங் மிஷின் வாடகைக்குக் கிடைத்தது. "மூணு இஞ்சு பிட்டு போதுங்கண்ணா" என்றான் கடைக்காரன். சின்னுசாமி அவனைப் பாவமாகப் பார்த்துவிட்டு ஓரடி நீள பிட்டைப் பொறுக்கி எடுத்தார். ஆயிரம் அடி இறக்கிய கைக்கு மூன்று இஞ்ச் என்பது கௌரவக் குறைச்சல் அல்லவா?

சாமான்களை எல்லாம் எடுத்து வைத்து, இருவருமாக அலமாரியைக் கழற்றி இறக்கினார்கள். பழைய ஆசாரி சுவரில் அடித்திருந்த மரக்கட்டைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. சின்னுசாமி மிஷினைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார். கற்பூரமும் கொளுத்தினார்.

"நாலு ஓட்டைக்கு எலுமிச்சம்பழமுங்களா?" என்று வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை ஆழமானாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லொ. தூசி வரும், நீ அக்கட்ட போயி உக்காரு."

அவள் முறத்தில் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய் ஹால் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போட்டுக்கொண்டாள். அந்த சோபா இதே சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது. இதை இருவருமே யோசிக்கவில்லை.

முதல் துளையைக் கீழே, இடது ஓரத்தில் ஆரம்பித்தார். ரிக்கில் வேலை செய்கிறவன் குழியை எட்டிப் பார்ப்பதில்லை, வெளியே வரும் மண்ணைத்தான் பார்ப்பான். நிறம் மாறினால் கீழே அடுக்கு மாறுகிறது என்று அர்த்தம். முதலில் வெள்ளை உதிர்ந்தது, சுண்ணாம்பு. பிறகு சாம்பல் நிறம், பூச்சு. அப்புறம் சிவப்பு, செங்கல். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மறுபடியும் சாம்பல் நிறம் உதிர்ந்தது. அடுக்கு மாறினால் விடாதே, இன்னும் அழுத்து, தண்ணீர் பக்கத்தில்தான் என்று முப்பது வருஷம் பழகிய கை, மூளையைக் கேட்காமலே அழுத்திவிட்டது. பிட்டு சட்டென்று லேசாகி உள்ளே இறங்கியது. பாறை இடுக்கில் ஊற்று அகப்பட்டால் ராடு அப்படித்தான் இறங்கும். சின்னுசாமிக்கு ஒரு கணம் மெய்யாகவே சந்தோஷமாகிவிட்டது.

"ஐயோ சாமீ!" என்ற அலறல் ஹாலில் கேட்டது.

மிஷினை அணைத்துப் போட்டுவிட்டு ஓடினார். வசந்தாமணி தலைக்கு இரண்டு சாண் மேலே சுவரில் ஒரு பொத்தல். அவள் தலைமுடி, தோள், முறத்து வெங்காயம் எல்லாம் காரையும் செங்கல் பொடியும். அந்த நேரம் அவள் எழுந்து நின்றிருந்தால்? 

அவள் மெதுவாகத் தலையை உதறினாள். பொத்தலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தண்ணி வந்துருச்சுங்களா?"

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள்தான், முறம் மடியிலிருந்து சரிய, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சின்னுசாமி சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழம வண்டிக்கு நான் போயிடறேன் புள்ள. சுவாமிநாதன் கூப்பிட்டிருக்கான். இந்த ஊட்டுக்கு நான் ஒதவ மாட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"உங்கள நான் வேலைக்கா வெச்சிருக்கறேன்? வேலைக்குன்னா காளிதாஸ் இருக்கறான். சாயங்காலம் ஆனா நாலு வார்த்த பேசறதுக்கு எனக்கு ஊட்ல ஆளு வேணும். முப்பது வருசமா அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, உடனே அதட்டலாக மாற்றிக்கொண்டாள். "நேத்து போன்ல பேசுனது எனக்கும் கேட்டுச்சு. அந்தப் புது டிரில்லரு குழிக்குள்ள ராடை உட்டுப்போட்டு முழிச்ச மாதிரி, நீங்களும் பாதியில உட்டுட்டுப் போறீங்களா?"

இது சரியான இடத்தில் பட்டது. சின்னுசாமி எழுந்து சமையலறைக்குப் போய்ப் பொத்தலுக்குள் விரலை விட்டுத் தடவினார். செங்கல் மண்ணாக உதிர்ந்தது. அந்தப் பக்கம் பொத்தலில் கண்ணை வைத்து, "கேஸ் அடுப்பு தெரியுதுங்க" என்றாள் அவள்.

"இந்தச் செங்கல்லுல கட்டை நிக்காது புள்ள. மண்ணு சரியற எடத்துல கேசிங் பைப் எறக்கற மாதிரி இதுக்கும் குழாய் எறக்கோணும். செவுத்த நேரா ஊடுருவி போல்ட்டு போட்டு, அக்கட்ட இரும்புப் பட்டை குடுத்து முறுக்குனா ஆனை தொங்கினாலும் அசையாது" என்றார். பேசப்பேச அவர் குரல் ரிக் மேல் நிற்கிற டிரில்லர் குரலாகிவிட்டது.

மறுபடி கடைக்குப் போய் நீளமான போல்ட்டு, வாஷர், துண்டுக் குழாய், இரண்டு பட்டை இரும்பு எல்லாம் வாங்கி வந்தார். மிச்சம் மூன்று துளையையும் இந்தத் தடவை தெரிந்தே ஊடுருவப் போட்டார். வசந்தாமணி ஹாலில் தள்ளி நின்று, "வாருதுங்க, வாருதுங்க, வந்துருச்சு!" என்று குரல் கொடுத்தாள். பிறகு அலமாரியை ஏற்றி, அவர் இந்தப் பக்கம் போல்ட்டைப் பிடிக்க, அவள் அந்தப் பக்கம் ஸ்பேனரால் நட்டை முறுக்கினாள். எண்ணெய் டின்னை எடுத்து வாசலில் வைத்தார்கள். சின்னுசாமி அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். நறநற என்ற சத்தம் அவர் தோள்பட்டையிலிருந்துதான் வந்தது.

ஹால் பக்கம் பார்த்தால் இரண்டு இரும்புப் பட்டையும், நாலு போல்ட்டு முனையும் சுவரில் துருத்திக்கொண்டு நின்றன.

"பாக்க நல்லா இல்ல. முனைய அறுத்துடறேன்" என்றார்.

"இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, ஒன்றில் காலண்டரை மாட்டினாள். ஒன்றில் குடை. ஒன்றில் சாவிக்கொத்து. நாலாவதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ரிக் பையை இழுத்து, துணிகளை எல்லாம் பீரோவில் அடுக்கினாள். காலிப் பையைக் கொண்டுவந்து அந்த நாலாவது போல்ட்டில் மாட்டினாள்.  

போன் அடித்தது. சுவாமிநாதன்.

"வரமுடியாது தம்பி. ஊட்ல வேலை கெடக்குது."

"ஊட்ல உங்களுக்கு என்னண்ணா வேலை?"

சின்னுசாமி திருதிருவென்று மனைவியைப் பார்த்தார்.

"கொழா ஒழுகுதுன்னு சொல்லுங்க" என்றாள் அலமாரியில் ராகி மாவை அடுக்கிக்கொண்டே. "நெசமாவே ஒழுகுது."

அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தார் சின்னுசாமி. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் சமையலறையைத் தாண்டும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாடித் தொட்டி வால்வு!" என்றாள். அவர் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார்.