தம்பியிடம் மிஞ்சிய சொல்

ஓடும் கால் உடையவள்தான் ஓடுகாலி. அந்தக் காலோடு எவனோ ஒருவனையும் சேர்த்துக் கட்டி, ஒழுக்கம் கெட்டவள் என்று அர்த்தம் சொன்னது ஊர் வாய். ஆஸ்பத்திரி ஆயாம்மா ஓடியது இரண்டு தெருதான். அதுவும் தம்பி வீட்டுக்கு. புருஷன் விறகுக்கட்டையால் அடித்ததில் புருவம் கிழிந்து, செருப்பில்லாமல் வந்து நின்றாள். "புருஷன்கூட இருக்கத் தெரியாத ஓடுகாலிக்கு இங்க இடமில்ல" என்று தம்பி கதவைச் சாத்தினான். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மறுநாளே அந்தச் சொல்லுக்குத் துணையாக ஓர் ஆளும் முளைத்துவிட்டான். லாரி டிரைவர் என்றார்கள் சிலர், கடைக்காரன் என்றார்கள் சிலர். அவன் யாரென்று அவளுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து, நோயாளிகளின் மலமூத்திரம் அள்ளியே தலை நரைத்தாள். ஒருநாள் அவள் வார்டுக்குப் புதிதாக வந்த நோயாளி, தம்பி. பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே சொல். அவளைக் கண்டதும் அதைத்தான் சொன்னான். பிறகு தண்ணீருக்கும் அதுதான், பெட்பேனுக்கும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள்: வருகிற சொல்லை மறுக்கக் கூடாது, முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை வரும். ஆயாம்மா அப்படியே செய்தாள். அவன் "ஓடுகாலி" என்பான். "என்னப்பா, சொல்லு" என்று போய் நிற்பாள். வாயைத் துடைத்துவிட்டு, அக்கா என்று சொல்லச் சொல்லிக் காதருகே கெஞ்சுவாள். அது மட்டும் வந்துவிட்டால் பழையதையெல்லாம் தலைமுழுகிவிடலாம் என்றிருந்தாள். கிளிக்குக்கூட இவ்வளவு நாள் ஆகாது என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர்.

சொற்கள் வந்தன. தண்ணி வந்தது, வலி வந்தது. ஒரு காலையில் அக்காவும் வந்தது, ஊசி போட வந்த சின்னப் பெண்ணிடம். "அக்கா, மெதுவா" என்றான், தெளிவாக. துண்டோடு நின்ற ஆயாம்மாவைத் திரும்பிப் பார்த்து, பழைய சொல்லையே சொன்னான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், அதுவரை முகம் கொடுத்துப் பேசாத தம்பி மகன் அவளைத் தனியே கூப்பிட்டான். "அத்தை, எங்களோடயே வந்து இருந்துடுங்க. அப்பாவைத் தூக்கிவச்சுப் பாக்க எங்களால முடியாது. அவரும் உங்களைத்தான் தேடுறாரு."

"என்னன்னு கூப்பிட்டுத் தேடுறான்?"

அவன் தரையைப் பார்த்தான். "நோயாளி, அத்தை. அவருக்கு என்ன தெரியும்?"

"ஊசி போடுற பொண்ணை அக்கான்னு கூப்பிடத் தெரியுதே" என்றுவிட்டு, காலியான படுக்கையிலிருந்து தம்பி படுத்திருந்த விரிப்பை உருவினாள். அடுத்த நோயாளி வாசலில் காத்திருந்தார்.