அரை மைதானம்

நெடுங்கேணியில் வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, ஏற்றும் காலத்தில் சுரேகாவின் இடம் உழவு இயந்திரப் பெட்டியின் மேல்தான். கீழே நின்று அப்பா ஆண்டியப்பன் எறிவார். இவள் பிடித்து அடுக்குவாள். கைதவறி உடைந்தவை மிகக் குறைவு. எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அது. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் சுரேகா.

போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலம். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வவுனியாப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. ஒருநாள் கன்ரீனில் நஃப்லா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பட்டாணிச்சூர்ப் பெண், வகுப்பில் வாயாடி.

"இந்த வருசம் பல்கலைக்கழகப் போட்டியில பெண்களுக்கும் உதைபந்து வைக்கினமாம். நான் ரீம் சேர்க்கிறன். நீ வா."

"எனக்கு உதைக்கத் தெரியாதடி."

"பிடிக்கத் தெரியும்தானே? பழம் பிடிச்ச கதை நீதானே சொன்னனி. நீ கோலுக்கு நில்."

ஆள் சேர்ந்தது, மைதானம் கிடைக்கவில்லை. பின்னேரங்களில் அங்கே ஆண்கள் அணி பயிற்சி எடுக்கும். அதன் தலைவன் சப்ராஸ் நல்ல பிள்ளைதான். ஆனாலும், "நாங்கள் போட்டிக்கு ஆயத்தப்படுறம் தங்கச்சி, இடம் காணாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பெண்கள் சைக்கிள் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருந்த கிரவல் கல் தரையில் விளையாடினார்கள். பந்துக்குப் பாய்ந்து பாய்ந்து சுரேகாவின் முழங்கைகள் இரண்டும் தோலுரிந்து போயின. கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரண்டு சைக்கிள்கள் நின்றன.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆண்கள் அணியின் கோல்காப்பாளன் சாருஜன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அவனுக்குப் பதிலாகப் போட்டியில் நிற்க ஒருவன் ஒப்புக்கொண்டான். ஆனால் அவனுக்கு அந்த மாதம் முழுவதும் பின்னேரங்களில் வகுப்பு. மூன்றாம் நாள் சப்ராஸ் சைக்கிள் தரிப்பிடத்துக்கு வந்தான். நஃப்லா ஓங்கி உதைத்த பந்தைச் சுரேகா பாய்ந்து பிடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, எங்கட பெடியள் கோலுக்கு அடிச்சுப் பழக ஆள் இல்லை. நீர் வந்து நிப்பீரோ?"

பெரிய வகுப்பு அண்ணாமாரோடு சுரேகா அதிகம் கதைத்ததில்லை. ஆனாலும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நான் தனிய வரமாட்டன் அண்ணா. வந்தா எங்கட ரீம் முழுக்க வரும். அரை மைதானம் எங்களுக்கு."

"கிழமையில ரெண்டு நாளைக்கெண்டால் பாப்பம்..."

"ஒவ்வொரு பின்னேரமும்."

சப்ராஸ் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி, வாங்கோ" என்றான்.

முதல் நாள் பெடியள் பந்தை மெல்லத் தட்டினார்கள். பெண் என்று இரக்கம் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உப்பிடித்தான் போட்டியிலும் அடிக்கப் போறியளோ?" என்று கத்தினாள். அடுத்ததாக சப்ராஸ் விட்ட அடி நேரே மூக்கில் பட்டது. இரத்தம் வழிந்தது. அவன் ஓடிவந்தான். அவள் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்து கம்பங்களுக்கு நடுவே நின்றாள். அதற்குப் பிறகு ஒருவரும் மெல்ல அடிக்கவில்லை. கையில் கட்டோடு வந்த சாருஜன், எந்தப் பந்துக்கு முன்னால் போவது, எதற்குப் பின்வாங்குவது என்று காட்டிக்கொடுத்தான்.

வீட்டில்தான் சிக்கல் வந்தது. போட்டி கண்டிப் பக்கம் என்றதும் ஆண்டியப்பனின் முகம் மாறிவிட்டது.

"அந்த மலைய விட்டு ஓடியாந்தவன் நான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கல. நீயும் போக வேணாம்மா."

அம்மா சிவலட்சுமி அடுப்படியிலிருந்தே சொன்னார்: "நம்மள தொரத்துனாங்க. இவள வான்னு கூப்புடுறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

காலையில் ஆண்டியப்பன் அவளைப் பஸ்ஸுக்குச் சைக்கிளில் ஏற்றிப்போகும்போது, "கம்பளி எடுத்துக்கிட்டியா? அங்க குளிரும்" என்றார்.

முதல் ஆட்டத்தில் பெண்கள் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். நஃப்லா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டாவது ஆட்டத்தில் கடைசிவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி என்ற தண்டனை உதை கிடைத்தது. கோட்டுக்கு வெளியே ஆண்கள் அணி முழுவதும் நெருக்கியடித்து நின்றது. உதைக்க வந்தவளின் இடுப்புத் திரும்புவதைப் பார்த்துச் சுரேகா இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து இரண்டு கையிலும் பட்டு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. சப்ராஸ் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்து நடுவரிடம் பேச்சு வாங்கினான்.

ஆட்டம் சமநிலை. அடுத்த சுற்றுக்குப் போகமுடியவில்லை. ஆண்களும் தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் வவுனியா வரை பாட்டு ஓயவில்லை. அடுத்த தவணையில் விளையாட்டுப் பலகையில் இரண்டு அணிக்கும் நேரம் எழுதிப் போட்டார்கள். பெண்கள் பக்கம் பெயர் கொடுக்கப் புது வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

போட்டி முடிந்து வீட்டுக்குப் போன அன்று ஆண்டியப்பன் ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, "மல எப்படி இருக்கு?" என்றார்.

"பச்சையா இருக்குப்பா. தரையெல்லாம் புல்லு. விழுந்தா வலிக்கவே இல்ல."

அவர் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அடுத்த வருசமும் அங்கதானா?"

"தெரியலப்பா. ஏன்?"

"இல்ல, நானும் ஒரு எட்டு வந்து பாக்கலாமேன்னுதான்."