முழுத்திரை மௌனிகா

வந்த வீட்டில் காப்பி டம்ளரை வாங்கும் முன்பே மௌனிகாவின் கண் ரிமோட்டைத் தேடும். டிவியில் ஓடும் முகங்கள் பக்கவாட்டில் உப்பிப்போயிருக்கும். "ஏனுங்கக்கா, படத்த இழுத்து உட்டாப்பல இருக்குதுங்களே, உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கிவிடுவாள். முகங்கள் ஒடுங்கும், திரையின் இரு பக்கமும் கருப்புப் பட்டை விழும். பிறகுதான் காப்பி. அவள் தலை மறைந்ததும் வீட்டுக்காரர்கள் பழையபடி இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று என்னுடையது.

எங்கள் ஊர் எலப்புள்ளியில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, கொச்சியிலுள்ள ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறாள். கணினி விளையாட்டுகளை எந்த மென்பொருளின் மேல் கட்டுகிறார்களோ, அதற்கு எஞ்சின் என்று பெயராம். அதில் இவள் பங்கு ஒன்றே ஒன்று: விளையாட்டு முழுத்திரைக்கு விரியும்போது படம் கோணாமல், வெட்டுப்படாமல் உட்கார வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. விரிந்த படம் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சுருங்கினால் மேல் விளிம்பு திரைக்கு வெளியே போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு திரை இருந்தால் யாரும் பார்க்காத திரையில் போய் விரியும். சோதிப்பதற்குத் திரையில் ஒரு வட்டம் போட்டு, தையல் டேப்பால் உயரத்தையும் அகலத்தையும் அளப்பாள். "வட்டம் இட்லியாட்ட இருக்கோணுங்க. கொழுக்கட்டையாட்ட ஆயிருச்சுன்னா எங்கியோ தப்பு."

நிச்சயமான கையோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவள், மாமியார் பார்த்துக்கொண்டிருந்த சீரியலை ஒடுக்கிவிட்டு வந்தாள். அப்படியும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அருள்குமார் பொறுமைசாலி.

எதிர்வீட்டுக் கருப்புசாமி அப்படியில்லை. ஒருநாள் இவள் போய்வந்த பிறகு கருப்புப் பட்டையைப் பார்த்தவர், டிவி போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைப் போர்வையில் சுற்றி, மொபெட்டில் மனைவி சுப்பாத்தாள் மடியில் வைத்து, கஞ்சிக்கோடு வரைக்கும் கொண்டுபோனார். ரிப்பேர்க் கடைக்காரன் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னும் அவரால் மறக்க முடியவில்லை. "முழு டிவிக்குக் காசு குடுத்துப்போட்டு முக்கா டிவி பாக்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? அந்தப் புள்ள இனி ரிமோட்டத் தொடப்படாது!" என்று வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்துவிட்டார்.

இந்த மாதம்தான் வினை வந்தது. எங்கோ தூரதேசத்தில் ஒருவன், முழுத்திரையில் ஓரமெல்லாம் வெட்டுப்படுகிறது, விளையாட்டிலுள்ள பொத்தானை அமுக்கினால் கேட்பதில்லை, ஒரு விரல் தள்ளி அமுக்கினால்தான் கேட்கிறது என்று போட்டோவோடு புகார் அனுப்பினான். கம்பெனியிலிருந்த எந்தத் திரையிலும் அந்தக் கோளாறு வரவில்லை. கண்ணில் படாத கோளாறை எப்படித் திருத்துவது? மேலாளர் ஜிஸ்மி போனில், "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலெங்கில் உன்னோட பகுதியக் களஞ்ஞேக்கு" என்று சொல்லிவிட்டாள். எடுத்தெறிந்துவிட வேண்டியதுதான் என்று அர்த்தம். மௌனிகா அன்று மதியம் சாப்பிடவில்லை. "அந்த எஞ்சின்ல என்ற பேருல இருக்கறது அது ஒண்ணுதானுங்கக்கா," என்றாள். அவளிடம் நான் பட்ட பாடெல்லாம் மறந்து எனக்கே பாவமாகிவிட்டது.

புகார் போட்டோவை என்னிடமும் காட்டினாள். திரைக்குக் கீழே டிவிக் கம்பெனியின் பெயர் தெரிந்தது. அதே பெயர், அதே வெள்ளி விளிம்பு. கருப்புசாமி வீட்டு டிவி ரகமேதான். அதிலும் அடியில் ஓடும் செய்தி எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டுத்தான் ஓடும்.

துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் பழைய படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரே ஒரு தடவைங்க. என்ற வேலையே உங்க டிவிலதானுங்க இருக்குது."

"கொச்சிக்காரனுக்கு இல்லாத டிவியா எங்கிட்ட இருக்குது?"

அடுப்படியிலிருந்து சுப்பாத்தாள் குரல் கொடுத்தாள்: "ஏனுங்க, புள்ள மூஞ்சி வாடிக் கெடக்குது. குடுங்க. இந்தப் படத்த நாளைக்கும் போடுவான்."

"செரி. ஆனா அமுக்கறது நானு. நீ சொல்லு."

லேப்டாப்பை டிவியில் இணைத்தாள். அளப்பதற்குத் தோதாக, இழுக்காத படத்துக்கு மாற்றச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினார். விளையாட்டு விரிந்தது. ஓரங்கள் வெட்டுப்பட்டன. பொத்தான் கேட்கவில்லை. "வந்துருச்சுங்க, வந்துருச்சு!" என்று குதித்தாள். நோய் வந்ததற்கு இப்படிக் குதித்தவரை நான் பார்த்ததில்லை. தரையிலேயே உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். கருப்புசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரிமோட்டை அங்கேயே வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனார்.

"இந்த டிவி பொய் சொல்லுதுங்கக்கா. கேட்ட அளவத் தர்றேங்குது, குடுக்கறது வேற. கேட்டது கெடச்சுதான்னு எஞ்சின் திரும்பிப் பாக்கறதே இல்லீங்க. அது என்ற தப்புதான்."

திரும்பிப் பார்க்கும்படி எழுதிச் சேர்த்தாள். பொழுது சாயும்போது திரையில் வட்டம் முழுசாக நின்றது. டேப் வைத்து இரண்டு வாக்கிலும் அளந்தாள், சரியாக இருந்தது. ஜிஸ்மி போனில் "கொள்ளாம், நல்லாயிருக்கு!" என்று கத்தியது எனக்கே கேட்டது. மௌனிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லேப்டாப்பைக் கழற்றியதும் டிவியில் வேறொரு பழைய படம் வந்தது, இரு பக்கமும் கருப்புப் பட்டையோடு. பால் சொம்போடு வாசற்படியில் நின்ற கருப்புசாமி அதைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

மௌனிகா ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். படம் இரு பக்கமும் பரவியது. கதாநாயகியின் முகம் கொழுக்கட்டையானது. அவள் தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி ரிமோட்டை அவரிடம் கொடுத்தாள்.