ஆந்தையின் அசல்

கம்ப்யூட்டர் கீபோர்டு மூடி சேகரிப்பவர்களின் ஆன்லைன் குழுவில் அவனுக்குப் பல்செட்டு என்று பெயர். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் மெழுகு செதுக்கி, அச்செடுத்து, ரெசின் ஊற்றுவது அவன் வேலை. வீட்டுக்கு வந்தால் அதே கை கீபோர்டுக்கு மூடி செய்யும். எழுத்து மூடி ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டிக்கொள்ள, விரல்நுனி அளவில் ஒரு மூஞ்சி. "வீட்லயே முதல்ல பட்டம் வாங்குன மாப்பிள்ளை, பட்டனுக்கு மூக்கு வெச்சுக்கிட்டு இருக்காரு" என்று மச்சான் கிண்டலடிப்பான். அந்த மூக்குக்கு எங்கெங்கோ ஆட்கள் தவம் கிடப்பது மச்சானுக்கு எங்கே தெரியும்?

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆந்தைதான். ஒரு கண் லேசாகச் சரிந்து, அரைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டதுபோல முறைக்கும். இருபதுதான் வார்ப்பேன், இருபத்தொன்றாவது இந்த உலகத்தில் இருக்காது என்று வாக்குக் கொடுத்து விற்றான். அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. கடைசி மூடி வெளியே வந்ததும், ரப்பர் அச்சை எல்லோரும் பார்க்க லைவில் வெட்டிப் போட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, அவன் சமையலறை மேசையில் அச்சை வைத்துப் பிளேடால் கிழித்தான். திரையில் இதயங்கள் பறந்தன. அப்பாடா என்று நிமிர்ந்தபோது, குழுவில் கண்ணாடிப்பெட்டி என்று பெயரெடுத்தவர் லைவில் பேச வந்தார். வாங்கிய மூடி எதையும் கீபோர்டில் மாட்டாமல், சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பவர். அவர் முகம் சுளித்தால் பாதிக் குழு முகம் திருப்பிக்கொள்ளும்.

"அச்சு சரி தம்பி. அசல் எங்க?"

அசல் என்பது அவன் முதன்முதலில் செதுக்கிக் கெட்டியாக்கிய ஆந்தை. அதிலிருந்துதான் அச்சு எடுப்பது. அது இருந்தால் அச்சு இன்னொன்று ஆகும். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"கோழிய பத்திரமா வெச்சுக்கிட்டு முட்டைய உடைச்சுக் காட்டுறாருப்பா" என்று ஒருத்தன் எழுதினான். சிரிப்பு முகங்கள் வரிசை கட்டின.

"உங்க மேல சந்தேகமில்ல" என்றார் கண்ணாடிப்பெட்டி. "ஒண்ணு உடைச்சுப் போடுங்க. மனசு வரலன்னா எங்கிட்ட குடுத்து வைங்க, பத்திரமா இருக்கும்."

அந்தப் 'பத்திரம்' என்ற சொல்லே அவனை உலுக்கியது. அவர் கைக்குப் போனால் ஆந்தை அவருடையது. உடைத்தால்? இப்படித்தான் நரி மூடி செய்த ஒருவர் நாணயஸ்தன் என்று பேரெடுக்க அசலையும் நொறுக்கினார். பிறகு ஏதோ ஒரு ஃபேக்டரி அந்த நரியை அப்படியே காப்பியடித்துச் சந்தையில் கொட்டியது. "ஐயோ, அது என்னோடது" என்று அவர் கத்தியபோது, "அசலக் காட்டு" என்றார்கள். காட்ட என்ன இருந்தது? இன்று நரி கடைகடையாகத் தொங்குகிறது. அவரைத்தான் காணோம். சரி, முடியாது என்று சொல்லிவிடலாம் என்றால், நாளை முதல் இவன் மூடியை நாய்கூட மோந்து பார்க்காது.

போனுக்குப் பின்னாலிருந்து மனைவி கிசுகிசுத்தாள். அவளுக்கும் அதே லேபில்தான் வேலை. "ஏங்க, கண்ண மட்டும் கெடுத்துடுங்க. அப்புறம் எத்தன வார்த்தாலும் தழும்போடதான் வரும். பொருளும் நம்மகிட்டயே கெடக்கும்."

மூழ்குகிறவனுக்கு மரக்கட்டை கிடைத்தது போலிருந்தது. எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டுச் சின்ன டிரில்லை எடுத்தான். வெள்ளைத் தூள் பறந்து அடங்கியபோது, சரிந்த கண் இருந்த இடத்தில் குழி.

கண்ணாடிப்பெட்டி விடவில்லை. "நீங்க பல்லு செய்யுற ஆளு. இந்தக் குழிய மெழுகு வெச்சு மூட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

பொய் நாக்கு நுனி வரை வந்தது. பயத்தில் உண்மை முந்திக்கொண்டது. "கொஞ்ச நேரந்தான் சார். அசலே இல்லாட்டியும் புதுசா செதுக்கிடுவேன். கை இருக்கே! அதையும் வெட்டணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. போன் பிடித்திருந்த மனைவியின் கை தாழ்ந்து, படத்தில் மேசைக்கால் தெரிந்தது.

"கையெல்லாம் வேணாம் தம்பி" என்றார் அவர், மெதுவாக. "வாக்கு போதும். இனிமே ஆந்தையே செய்ய மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. அசல் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கேட்க வரம் கொடுப்பதுபோல இருந்தது. ஆனால் அதற்கு அர்த்தம், இந்த ஆந்தை மட்டுமல்ல, இனி எந்த ஆந்தையும் கூடாது. மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். திரையில் பெயர்கள் அசையாமல் காத்து நின்றன.

"செய்ய மாட்டேன்" என்றான். யாரோ பேசுவதுபோல அவன் காதிலேயே விழுந்தது.

இதயங்கள் மறுபடி பறந்தன. "பெரிய மனசு உங்களுக்கு" என்றார் கண்ணாடிப்பெட்டி. "அடுத்தது எது செஞ்சாலும் எனக்குத்தான் மொதல்ல காட்டணும்."

மனைவி போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆந்தையப் படைச்ச கடவுளே பேசாம இருக்காரு. இவரு யாருங்க பட்டா போட?"

"சத்தமா பேசாத. லைவ் கட் ஆயிருச்சா பாரு."

"ஆயிருச்சு."

"நல்லாப் பாரு."

"நூறு தடவ பாத்தாச்சு! வேலையப் பாருங்க."

அடுத்த மூடி முயல் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். மெழுகைச் சூடாக்கி, உருட்டி, காது இழுக்க உட்கார்ந்தான். மனைவி கண்ணாடிப்பெட்டியைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவனும் உம் கொட்டிக்கொண்டே விரலை ஓட்டினான். குனிந்து பார்த்தபோது மெழுகில் காது இல்லை. இரண்டு வட்டக் குழிகள். ஒன்று லேசாகச் சரிந்திருந்தது.

கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தான். சன்னலைப் பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விரலிடுக்கில் மெழுகு பிதுங்கி வழிய, அதைக் கைக்குள் பொத்தி நசுக்கினான்.

"என்னங்க, முயலு ஆச்சா?" என்று மனைவி திரும்பினாள்.

"வரல" என்றான். கையைத் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.