அம்மா பார்த்த ஒரே நாடகம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் சிலர் அப்பாவை ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களில் கண்டிருப்பீர்கள். கண்டும் அடையாளம் தெரியாமல் விட்டிருப்பீர்கள், ஏனென்றால் பெரும்பாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். எங்கள் அப்பா ஏழு தொடர்களில் பிணமாக நடித்தவர். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அவருக்கும் இருந்ததில்லை.

அப்பா பருத்தித்துறையில் ஒரு தபாற்காரரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்து ஆங்கில நாடகத்தில் நீதிபதியாக வந்து கைதட்டு வாங்கிய நாளிலிருந்து அவருக்கு மேடைப் பைத்தியம். நாட்டு நிலைமை அவரை ரொறன்ரோவுக்குத் துரத்தியது. அங்கே மல்வேர்ன் பகுதியில் வரிசை வீடொன்றில் என்னையும் தம்பியையும் வளர்த்தார். பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றார். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பதால், ஆங்கில வசனங்களை அங்கேதான் சத்தமாகப் பழகினாராம். வேலை முடிய இரண்டு பஸ் மாறி நடிகர் தேர்வுகளுக்குப் போவார். டாக்சி ஓட்டுநர், கடைக்காரர், நோயாளி என்று சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. மூச்சை அடக்கி அசையாமல் கிடப்பார் என்ற பேர் பரவியதும் பிண வேடங்கள் வந்தன.

முதற்பிணத்தைத் தொலைக்காட்சியில் கண்டதும் அம்மா எழுந்து, பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இனி அவர் நடிக்கும் எதையும் பார்ப்பதில்லை என்று அன்றே சொல்லிவிட்டார். அதோடு ஒரு சட்டமும் போட்டார். செத்தவீட்டுக்குப் போய் வருபவர்கள் முழுகிவிட்டுத்தானே வீட்டுக்குள் வருவது? படப்பிடிப்பில் செத்துவிட்டு வந்தாலும் அதே முறைதான். அப்பா பின்கதவால் இறங்கி, வீட்டுக்குக் கீழுள்ள பேஸ்மென்றில் முழுகி, அம்மா அங்கே எடுத்து வைத்திருக்கும் துவாயால் துடைத்துக்கொண்டுதான் மேலே வரவேண்டும்.

“நான் செத்தவீட்டுக்குப் போகேல்லை. செத்ததே நான்தானே,” என்பார் அப்பா.

“அப்பிடியெண்டால் இன்னும் வடிவாய் முழுகுங்கோ.”

சிரித்துக்கொண்டுதான் இறங்குவார். ஆனாலும் அவர் மனதில் ஒரு குறை கிடந்தது எனக்குத் தெரியும். அம்மா ஒருதரமாவது தன் நடிப்பைப் பார்க்க வேண்டும். வேறு விருது எதுவும் அவர் கேட்கவில்லை.

போன வருடம் ஒரு சிறிய அரங்கில், ஆங்கில நாடகமொன்றில் அவருக்கு முதன்மை வேடம் கிடைத்தது. தனியாக வாழும் ஒரு கிழவர். கடைசிக் காட்சியில் கட்டிலில் கிடந்து சாகவேண்டும். அப்பா இயக்குநரிடம் போய், சாகாமல் கதவைத் திறந்து வெளியே போகலாமா என்று கேட்டார். மனைவி பார்க்க வரவேண்டும் என்ற காரணத்தையும் மறைக்கவில்லை. இயக்குநர் அம்மையார் ஒருநாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

“இதிலை நான் சாகேல்லை. நீர் ஒருக்கா வாரும்,” என்றார் அப்பா.

அம்மா பட்டுச்சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் விளங்கும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கடைசிவரை அப்பாவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நல்லாய்க் கதைச்சீங்கள்,” என்றார் வரும்போது காரில். கொஞ்சத் தூரம் போனதும், “உந்தக் கிழவர் கடைசியிலை எங்கை போனவர்?”

“வெளியாலை போயிருக்கிறார்.”

“திரும்பி வருவாரோ?”

“வருவார். முழுகிப்போட்டு மேலை வருவார்.”

அம்மா அவர் கையில் ஒரு அடி போட்டார். அப்பா அன்று பட்ட சந்தோசத்தை நான் வேறு எந்நாளும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம்தான். ஈரலில் வந்த நோய் அவரை விடவில்லை. வலியிலும் தாதிமாருக்கு வசனம் பேசிக் காட்டினார். ஒரு காலைப்பொழுதில், அம்மாவின் கை நெற்றியில் இருக்க, எங்களை விட்டுப் போனார்.

தினமும் சோறு கொண்டுவந்த மோர்னிங்சைட் வீதி மாமிக்கும், அப்பாவைத் தூக்கி இருத்திச் சவரம் செய்துவிட்ட தொழிற்சாலை நண்பர்களுக்கும், முறை தெரியாவிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரியை முடியும்வரை நின்ற நாடகக் குழுவினருக்கும், தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

தகனம் முடிந்து வந்து நாங்களும் பின்கதவால்தான் இறங்கினோம். காலையில் புறப்படமுன்னமே அம்மா கீழே துவாய்களை எடுத்து வைத்திருந்தார். முழுகுவதற்கு இருந்தது அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர். துவாய் நான்கு இருந்தது.