மடிப்பா, சுவரா?

இன்று காலை என் கணவர் எங்கள் கொட்டிவாக்கம் வீட்டுக்குள் ஒரு சுவர் எழுப்பிவிட்டார். அடுப்பில் பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பதறாதீர்கள், கணினியில்தான். ஹாலில் அலமாரி செய்யப்போகிறவர் வீட்டு பிளானைத் திருத்தக்கூடிய டிராயிங்காகக் கேட்டிருந்தார். எங்களிடம் இருந்தது பில்டர் கொடுத்த காகிதம். இவர் அதை செல்போனில் பிடிஎஃப் ஆக்கி ஏதோ ஒரு தளத்தில் ஏற்ற, அது கோடு கோடாகப் பிரித்து டிராயிங்காகவே திருப்பிக் கொடுத்துவிட்டது.

"இதையா நீ வேலைக்குப் போய் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பண்ணிட்டிருந்த?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஹாலின் மூலையைத் தடுத்துக்கொண்டு, இல்லாத சுவர் ஒன்று. காகிதம் பீரோவில் மடிந்து கிடந்த மடிப்பு அது.

சட்டென்று காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை அடித்தது. கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடம் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், காப்பித்தூள் கடையின் மாடி. என் துப்பட்டாவை மோந்தே அம்மா, "இன்னிக்கு பீபரி கொட்டையா?" என்பாள். பழைய வீடுகளின் பிளான்கள் பிடிஎஃப்பாக வரும். அந்தப் படத்தை அடியில் விரித்து, மேலே மவுஸால் ஒவ்வொரு கோடாக இழுப்போம். பழைய காகிதமென்றால் கேட்கவே வேண்டாம். மடிப்பு, கறை, செல்லரித்த தடம் எல்லாம் சுவர் மாதிரியே நிற்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம். சந்தேகமான கோட்டை ரோஸ் நிறத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.

எனக்கோ எல்லாமே சந்தேகம். கேஸை அணைத்தேனா என்று இன்றைக்கும் மாடிப்படி இறங்கியபின் திரும்பி ஏறுகிறவள் நான். பக்கத்து நாற்காலி மோகனா என் திரையை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, பிளானா பஞ்சுமிட்டாயா?" என்பாள்.

ஒருநாள் மாட வீதிப் பக்கத்து வீடு ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன், வீட்டை இடித்து மாற்றிக் கட்ட அனுப்பியிருந்தார். ஹாலின் குறுக்கே ஒரு கோடு. அதை ரோஸ் ஆக்கிவிட்டு போன் செய்தேன். எடுத்தது அவருடைய அம்மா.

"மடிப்புதான் கொழந்தே. எங்காத்து மாமா அதை நாலா மடிச்சு சட்டைப் பையிலேயே வெச்சுண்டு திரிவார்."

நன்றி சொல்லி வைக்கப் போனேன். மாமி குரலைத் தாழ்த்தினார்.

"இரு, இரு. பிள்ளை ஹாலைப் பெரிசு பண்றேன்னு என் ரூமை இடிக்கப் போறான். எனக்கு ஹால்ல ஒரு சோபாவாம். பகல்ல சோபா, ராத்திரி கட்டிலாம். நீ அந்தக் கோட்டைச் சுவராவே போட்டுடேன், அதுக்கு அந்தண்டை எனக்கு ஒரு ரூம் ஆயிடும். நான் சொன்னா கேக்க மாட்டான். கம்ப்யூட்டர்ல வந்துடுத்துன்னா நம்பிடுவான்."

போனைப் பொத்திக்கொண்டு மோகனாவிடம் சொன்னேன். சேர்ந்த புதிது, வேலை நிரந்தரம்கூட ஆகவில்லை.

"போட்டுக் குடுடி, பாவம்," என்றாள் மோகனா.

"நாளைக்கு இடிஞ்சு விழுந்துட்டா?"

"லூசு! இல்லாத செவுரு எப்டிடி இடிஞ்சு வுழும்?"

பொய்ச் சுவர் போடவும் மனம் வரவில்லை, அழிக்கவும் வரவில்லை. கோட்டை ரோஸாகவே விட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில், 'வீட்டுக்கார அம்மா இங்கே ஒரு சுவர் விரும்புகிறார்' என்று எழுதி அனுப்பினேன். பிறகு அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று மோகனாவைக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தேன்.

மகனிடமிருந்து பதில் வந்தது. 'அம்மாவிடம் பேசினேன். ரோஸ் கோட்டைச் சுவராக்கிவிடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.'

கேட்டேன். "எந்தப் பக்கம் வேணா தெறக்கட்டும்," என்றார் மாமி. "தாப்பா மட்டும் உள்பக்கம்."

அந்தக் காப்பித்தூள் கடை இப்போது செல்போன் கடை. மாடியில் டியூஷன் சென்டர். மாமியின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. போன முறை கோயிலுக்குப் போனபோது பார்த்தேன். இவர் காட்டிய டிராயிங்கிலோ எல்லாக் கோடும் ஒரே கறுப்பு. ரோஸ் என்று ஒன்று கிடையாது.

"அழிச்சிடு, மடிப்புதானே?" என்றார் இவர். கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். மடியில் ஏறி உட்கார்ந்த மகள், திரையில் அந்த மூலையைத் தொட்டாள்.

"அம்மா, இந்தக் குட்டி ரூம் யாருக்கு?"

அலமாரிக்காரர் வரும் நேரம். கோட்டை ரோஸாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் செய்து கேட்கவும் வழியில்லை. வீட்டுக்காரம்மா நான்தான்.